காலியாக இருந்த கட்டம்

அந்தத் தாளில் என் பெயர் இல்லை. இருபத்து நான்கு வருடங்களாகக் கம்பெனியின் எந்தத் தாளிலும் என் பெயர் இருந்ததில்லை. அதனால் அது எனக்குக் குறையாகப் படவில்லை. கணக்கு அலுவலகத்து ஜன்னலில் கையெழுத்துப் போட்டு வாங்கி, மடித்துச் சட்டைப் பையில் வைக்கப் போனேன். உள்ளே இருந்த கணக்கர்தான் நிறுத்தினார்.

“அண்ணே, கொஞ்சம் பொறுங்க. ஒங்க தாள்ல ஒரு கட்டம் காலியா இருக்கு, பாத்தீகளா?”

பார்த்தேன். வருடம் முழுக்க வாங்கிய சம்பளம், பிடித்த வரி இரண்டையும் போட்டு, வருமான வரிக்கணக்கு காட்டுவதற்காகக் கொடுக்கிற சம்பளச் சான்று அது. பாரம் பதினாறு என்பார்கள். மேலே கம்பெனியின் பெயர். கீழே என் அண்ணன் பெயர். அதன் பக்கத்தில் பான் எண் இருக்க வேண்டிய இடம் வெள்ளையாக இருந்தது.

“பான் கார்டை ஆதாரோட சேக்கச் சொல்லி எத்தனை தடவை போர்டுல ஒட்டுனோம்? நீங்க சேக்கல. நம்பரு செத்துப் போச்சு. இந்த வருசம் வந்த புதுக் கம்ப்யூட்டரு செத்த நம்பரை எடுத்துக்க மாட்டேங்குது, தள்ளிருச்சு” என்றார் கணக்கர்.

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். முதுகுளத்தூர்க்காரர், என் வயதுதான் இருக்கும், யாரையும் கடிந்து பேசாதவர். நம்பர் செத்துப்போச்சு என்ற வார்த்தை மட்டும் எனக்குள் எங்கோ போய் உட்கார்ந்துகொண்டது.

“நம்பரு இல்லாத ஆளுக்கு அஞ்சுல ஒரு பங்கு பிடிக்கணும்னு சட்டம். சம்பள ஒப்பந்த நிலுவை மொத்தமா வந்துச்சுல்ல, அதுல நெறையப் போயிருச்சு. ஜூலை முடியிறதுக்குள்ள நம்பரைச் சரிபண்ணிக் கணக்கு தாக்கல் பண்ணீகன்னா திரும்ப வரும்.”

“விட்டுட்டா சார்?”

“இதைக்கூட விட்டுறலாம். வார மாசியில நீங்க ரிட்டயர்டு. இந்த நம்பரு உசுரோட இல்லாம பி.எஃப். காசு ஒரு பைசா வெளிய வராது. இருபத்து நாலு வருசக் காசுண்ணே.”

தலையாட்டிவிட்டு வந்தேன். பம்பு அறைக்குப் போகிற வழியெல்லாம் தாளை எடுத்து எடுத்துப் பார்த்தேன். கடல் தண்ணீரை உப்புப் பாத்திகளுக்கு ஏற்றுகிற மோட்டாரைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. மோட்டார் ஓடுகிறபோது சத்தத்தில் எதுவும் தோன்றாது. அன்று நிறுத்தின பிறகும் சத்தம் காதில் நின்றுகொண்டே இருந்தது.

எனக்கு வயது ஐம்பத்து நான்கு. கம்பெனிக் கணக்குப்படி ஐம்பத்தேழு. அந்த மூன்று வருடம் என் அண்ணனுடையது.

உத்தரகோசமங்கைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். மழையை நம்பி நெல்லும், மழை விட்ட பிறகு மிளகாயும் போடுகிற குடும்பம். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். வீட்டில் யாரும் நிறுத்தவில்லை. ஆறாம் வகுப்புக்குப் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் நாள், வாத்தியார் ஒவ்வொருவராக எழுந்து நின்று பெயர் சொல்லச் சொன்னார். என் முறை வந்தபோது எனக்குக் குரல் வரவில்லை. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மணி அடித்ததும் வீட்டுக்கு நடந்து வந்துவிட்டேன். அதற்குப் பிறகு போகவில்லை. இன்றைக்கும் நாலு பேர் பார்க்க ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமென்றால் எனக்கு உள்ளங்கை வேர்க்கும்.

அண்ணன் எட்டு வரைக்கும் படித்துத் தேறினார். படித்துவிட்டு நிலத்துக்கே திரும்பினார். சாயல்குடிக்குத் தெற்கே கடலோரத்தில் இந்த உப்புக் கம்பெனி ஆரம்பித்தபோது, நிரந்தர வேலைக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்றார்கள். நான் வேலை கேட்டுப் போய்த் திரும்பி வந்து வீட்டில் சொன்னதும் அண்ணன் பரணில் ஏறிச் சான்றிதழை எடுத்துத் தூசி தட்டினார்.

“ஏலே, இது சும்மாதானலே கெடக்கு. எலி திங்கிறதுக்கு நீ கொண்டு போ.”

“அண்ணே, ஒன் பேருல்ல இருக்கு.”

“பேரு என்ன தேஞ்சா போகும்? எரவலா மோட்டாரைக் குடுக்கிறோம், மாட்டைக் குடுக்கிறோம், வண்டியக் குடுக்கிறோம். பேரைக் குடுத்தா ஆகாதா? போலே.”

எங்களுக்கு அது பெரிய குற்றமாகத் தோன்றவில்லை. எங்கள் பக்கம் ஒரு வீட்டில் ஒரு தாள் இருந்தால் அது அந்த வீட்டுக்கு உரியது. அப்பன் பெயரில் உள்ள பட்டாவை வைத்து மகன் உரக் கடன் வாங்குவான். அக்காவின் ரேஷன் அட்டையில் தங்கை சீனி வாங்குவாள். சான்றிதழும் அப்படி ஒன்று என்று நினைத்தோம். அண்ணன் பெயரில் சேர்ந்தேன். அண்ணன் பெயரில் வங்கிக் கணக்கு. பின்னால் ஆதார் கேட்டபோது அண்ணன் ஆதாரின் நகல். பான் கார்டு எடுத்தபோது அண்ணன் பெயர், அண்ணன் பிறந்த தேதி, என் போட்டோ. பி.எஃப். பாரத்தில் மனைவி பெயர் கேட்டார்கள். ரேஷன் அட்டையில் அண்ணன் பெயருக்கு அடுத்து மதினி பெயர்தான் இருந்தது. அதையே எழுதினேன்.

சேர்ந்த புதிதில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பமாட்டேன். காது மந்தம் என்று நினைத்துக்கொண்டார்கள். பிறகு திரும்பப் பழகினேன். அதற்குப் பிறகு, ஊரில் யாராவது என் சொந்தப் பெயரைச் சொன்னால் ஒரு நொடி பிந்தித் திரும்பினேன். என் மனைவிக்கு எல்லாம் தெரியும். அவள் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவள் இல்லை என்பதால் அவளுக்கு ஒரு தொந்தரவும் இல்லை.

ஒவ்வொரு தீபாவளிக்கும் போனஸில் பாதியைக் கொண்டுபோய் அண்ணன் கையில் கொடுப்பேன்.

“பேரு வாடகை வந்துருச்சுடீ” என்று மதினியைப் பார்த்துச் சத்தம் போடுவார். மதினி அடுப்படியிலிருந்து, “ஒங்க பேருக்கு இருக்கிற மவுசு ஒங்களுக்கு இல்ல” என்பார். மூன்று பேரும் சிரிப்போம்.

பான் கார்டை ஆதாரோடு சேர்க்க வேண்டும் என்று போர்டில் ஒட்டியபோது நான் அண்ணனிடம் சொன்னேன். அவருடைய ஆதாரில் இருந்த கைபேசி எண் எப்போதோ செத்துவிட்டது. புது எண் சேர்க்க அவரே போய் விரல் வைக்க வேண்டும். “மொளகா எடுத்து முடிக்கட்டும்லே” என்றார். பிறகு, “ஒரு மழை விழுகட்டும்” என்றார். பிறகு போன ஆவணியில் வரப்பு வெட்டிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ராமநாதபுரம் கொண்டுபோகிற வழியிலேயே முடிந்துவிட்டது.

அண்ணனுக்கு ஆண் பிள்ளை இல்லை. நான்தான் மொட்டை போட்டுக் கொள்ளி வைத்தேன். ஐந்தாம் நாள் வேலைக்குத் திரும்பியபோது கம்பெனி வாசலில் காவலர் லீவு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வயதானவர், வாய் ஓயாதவர்.

“என்ன பம்பு, மொட்டையா? யாருப்பா?”

“கூடப் பொறந்தவரு” என்றேன்.

“அடப் பாவமே. பேரு சொல்லு, எழுதணும்.”

“பேரு எதுக்கு?”

“ஒருத்தன் ஒரே மாமனை மூணு தடவை சாகடிச்சுட்டான்ப்பா. அதுலருந்து செத்தவுக பேரு எழுதச் சொல்லி ஆர்டரு.”

பின்னால் ஷிப்டுக்கு வந்தவர்கள் வரிசையாக நின்றார்கள். செத்தவர் பெயரைச் சொன்னால் அது இந்த நோட்டில் முதல் கட்டத்தில் இருக்கிற என் பெயர். ஒரே பெயரை இரண்டு கட்டத்தில் எப்படி எழுதுவது? என்னிடம் இன்னும் ஒரே ஒரு பெயர்தான் மிச்சம் இருந்தது. அதைச் சொன்னேன். ஆறாம் வகுப்பில் வராத குரல் அன்று வந்தது.

“அண்ணனா, தம்பியா?”

“தம்பி.”

காவலர் நிதானமாக எழுதினார். நான் கையெழுத்துப் போட்டேன். சுவரில் இருந்த விரல் மிஷினில் விரலை வைத்தேன். பச்சை விளக்கு எரிந்து, சின்னத் திரையில் அண்ணன் பெயர் வந்து, ‘தேங்க்யூ’ என்று பெண் குரலில் சொன்னது. உள்ளே போய் மோட்டாரைப் போட்டேன். நான் செத்ததாக நானே எழுதிக்கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன் என்பது தண்ணீர் ஏற ஆரம்பித்த பிறகுதான் உறைத்தது. யாரிடமும் சொல்லவில்லை. மனைவியிடம்கூட.

சம்பளச் சான்று வாங்கிய மறு வாரம் லீவு போட்டுவிட்டு ராமநாதபுரம் போனேன். சாயல்குடியிலேயே ஆதார் திருத்துகிற இடம் உண்டு. அங்கே என்னைத் தெரிந்தவர்கள் உண்டு. அதனால் போகவில்லை. பையில் அண்ணனுடைய ஆதார், பான் கார்டு, அந்தத் தாள். பஸ்ஸில் உட்கார்ந்து அண்ணன் பிறந்த தேதியை மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். அப்போது எனக்கு இருந்த நினைப்பு இவ்வளவுதான்: கைபேசி எண்ணை என் எண்ணாக மாற்றிவிட்டால் பான் எண்ணைச் சேர்த்துவிடலாம், கட்டம் நிரம்பும், கணக்கு தாக்கல் ஆகும், மாசியில் பி.எஃப். வரும், அதோடு அண்ணன் பெயரைக் கழற்றி வைத்துவிடலாம். செய்வது தப்பு என்று தெரியும். இருபத்து நான்கு வருடம் செய்ததுதானே, இன்னும் ஒரு தடவை என்று நினைத்தேன்.

கம்ப்யூட்டருக்கு முன்னால் இருந்த பெண் ஆதாரை வாங்கிப் படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“போட்டோவுல நல்லா சதைப்பிடிப்பா இருக்கீகண்ணே. இப்ப ரொம்ப வத்திட்டீக. சுகரா?”

“ஆமாம்மா.”

“எங்க அப்பாவுக்கும் இப்படித்தான். காப்பியை நிறுத்துங்க. விரலை வைங்க.”

வைத்தேன். சிவப்பு விளக்கு. துணியால் துடைத்துவிட்டு வைக்கச் சொன்னார். மறுபடியும் சிவப்பு. ஒவ்வொரு விரலாக வைத்தேன். பத்து விரலுக்கும் சிவப்பு. என் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அந்தப் பெண் என் கையைத் திருப்பிப் பார்த்தார். உள்ளங்கை வெடிப்பு, விரல் நுனியின் வழவழப்பு எல்லாவற்றையும் பார்த்தார்.

“என்ன வேலை பாக்குறீக?”

“உப்பளம்.”

“அதானே பாத்தேன். உப்பு ரேகையைத் தின்னுருச்சு. ஒங்க ஆளுக எல்லாருக்கும் இதே கதைதான். பயப்படாதீக, கண்ணை வச்சு எடுத்துருவோம். அந்த மிஷினு ரிப்பேருக்குப் போயிருக்கு, திங்கக்கெழமை வந்துரும். கண்ணை உப்பு ஒண்ணும் செய்யாதுல்ல?”

சிரித்தார். நானும் சிரித்தேன். என் ரேகையை உப்பு ஒன்றும் தின்னவில்லை. கம்பெனி வாசலில் தினமும் என் விரலை அந்த மிஷின் முதல் தடவையிலேயே எடுத்துக்கொள்கிறது. இங்கே எடுக்காததற்குக் காரணம், இது என் அண்ணன் விரலைத் தேடுகிறது. தேடுகிற விரலை நான்தான் எரித்தேன்.

திங்கட்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். கண் பொய் சொல்லாது என்று தெரிந்துவிட்டது. சாயல்குடி பஸ் நின்றது. அதில் ஏறாமல் ஊர் பஸ்ஸில் ஏறினேன்.

மதினி வாசலில் மிளகாய் வற்றலைக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார். நான் ஒன்றும் சொல்வதற்கு முன்னால் கையைத் தட்டிவிட்டு எழுந்தார்.

“நானே ஒங்களுக்குப் போன் போடணும்னு இருந்தேன் தம்பி. ஒங்க அண்ணனுக்கு லெட்டரு வந்துருக்கு.”

டி.வி.க்கு மேல் சாமி படத்துக்குக் கீழே இருந்தது. உடைத்திருந்தார்கள். வருமான வரி அலுவலகத்துக் கடிதம். பாதி ஆங்கிலம். அண்ணன் பெயர், எங்கள் ஊர் முகவரி. பக்கத்து வீட்டு மருமகள் படித்துச் சொன்னதை மதினி சொன்னார். இவருக்குச் சம்பளம் வந்திருக்கிறது, வரி பிடித்திருக்கிறது, எண் சரியாக இல்லை, முந்தின வருடக் கணக்கு காட்டவும் இல்லை, விளக்கம் சொல்ல வேண்டும்.

“எப்ப வந்துச்சு?”

“வைகாசியில. எனக்கு இது என்னன்னு வெளங்கல. அதுக்கு அங்கிட்டு இன்னொண்ணும் வந்துச்சு, போன வாரம். போஸ்ட்மேன்ட்ட, செத்தவருக்கு என்னத்தைய்யா லெட்டருன்னு கேட்டேன். அப்ப நான் எழுதித் திருப்பிவிட்டுர்றேன்னு சொன்னாரு.”

“என்ன எழுதுனாரு?”

“பெறுநர் எறந்துட்டாருன்னு. என் கண்ணு முன்னாலதான் எழுதுனாரு.” என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார். “ஏன் தம்பி? உள்ளதைத்தான எழுதச் சொன்னேன்?”

நான் கீழே உட்கார்ந்தேன். மிளகாய் நெடியில் கண் எரிந்தது. காலிக் கட்டத்தைப் பற்றி, பி.எஃப். பற்றி, திங்கட்கிழமைக் கண் மிஷின் பற்றி மெதுவாகச் சொன்னேன். லீவு நோட்டைப் பற்றிச் சொல்லவில்லை. மதினி கேட்டுக்கொண்டே காம்பு கிள்ளினார். கொஞ்ச நேரத்தில் கிள்ளுவதை நிறுத்திவிட்டார்.

“சம்பளம் இப்பயும் அவரு பேருலதான் ஏறுதா?”

“ஆமா மதினி.”

“அவரு போன பெறகும்?”

“ஆமா.”

உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் உறையைக் கொண்டுவந்தார். அதில் இறப்புச் சான்றிதழ் இருந்தது. மூன்று நகல் வேறு எடுத்து வைத்திருந்தார். சான்றிதழ் வாங்கியது எனக்குத் தெரியும். அதை வைத்து விதவை உதவித்தொகை வாங்குவது எனக்குத் தெரியாது. தை மாதத்திலிருந்து வருகிறதாம்.

“கம்பெனிக் கணக்குல அவரு உசுரோட இருக்காருன்னா, நான் பொய் சொல்லிப் பென்சன் வாங்குறேன்னு ஆகாதா? தாசில்தாரு ஆபீசுல எம் போட்டோ ஒட்டியிருக்கு தம்பி.”

“அப்படி ஆகாது மதினி.”

“எப்படி ஆகாது?”

மதினி உறையை மடியில் வைத்துக்கொண்டு தெருவைப் பார்த்தபடி சொன்னார்.

“இருந்தப்ப ஒங்களுக்குப் பேரைக் குடுத்தாரு, நான் வேணாம்னு சொல்லல. வாடகை வாங்கித் தின்னவதான் நானும். அந்த பி.எஃப். எனக்கு வந்தாலும் ஒங்களுக்குத்தான், ஒரு ரூவா தொடமாட்டேன். ஆனா ஒண்ணு தம்பி. அவரை இன்னொரு தடவை உசுரோட கொண்டாந்துராதீக. என்னால இன்னொரு தடவை தாலி அறுக்க முடியாது.”

கடைசி பஸ்ஸில் திரும்பினேன். ஆடிக்காற்று ஆரம்பித்திருந்தது. ஜன்னல் கண்ணாடி தடதடவென்று அடித்துக்கொண்டே வந்தது. எனக்கு முன்னால் இரண்டே வழி இருந்தது. ஒன்றும் செய்யாமல் இருப்பது. அல்லது அண்ணன் செத்துவிட்டார் என்று கம்பெனிக்கும் சொல்வது. முதலாவதில் கொஞ்ச நாள் ஓடும், பிறகு மதினியையும் இழுத்துக்கொண்டு உடையும். இரண்டாவதில் என் வேலையும் இருபத்து நான்கு வருடக் காசும் அன்றைக்கே கேள்விக்குள் வரும். ராமநாதபுரத்துத் திங்கட்கிழமையை நான் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை. அந்தத் திங்கட்கிழமை பம்பு அறையில்தான் இருந்தேன்.

புதன்கிழமை மதியம், எல்லோரும் சாப்பிடப் போன நேரம் பார்த்துக் கணக்கர் அறைக்குள் போனேன். ஜன்னலோடு நில்லாமல் உள்ளே வந்தது அவருக்கு ஆச்சரியம். டிபன் பாக்ஸைத் திறந்து வைத்திருந்தார்.

“வாங்கண்ணே. நம்பரு சரியாச்சா?”

“சார், அந்தத் தாள்ல இருக்கிற பேரு என் பேரு இல்ல.”

“என்ன பேரு, எழுத்து எதும் மாறிப் போச்சா?”

“ஆளே நான் இல்ல சார். அது எங்க அண்ணன். அவரு செத்து ஒரு வருசம் ஆகப் போகுது.”

அவர் கையில் சோறு இருந்தது. அதை மறுபடியும் பாக்ஸுக்குள் வைத்தார். நான் நின்றுகொண்டே சொன்னேன். அவ்வளவு நீளமாக நான் யாரிடமும் பேசியதில்லை. அவர் கையைக் கழுவிவிட்டு வந்து அலமாரியைத் திறந்து என் பைலை எடுத்தார். நான் பயந்தது அதைத்தான். ஒவ்வொரு தாளாகப் புரட்டிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றார். லீவு நோட்டுப் பக்கத்தின் நகல்.

“இதுல ஒங்க தம்பி செத்துட்டாருன்னு நீங்களே எழுதிக் குடுத்துருக்கீகளே. தம்பி பேரு…” படித்தார். “இதுதான் ஒங்க பேருங்கிறீகளா?”

“ஆமா சார்.”

கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

“அப்ப ஊருக் கணக்குல அவரு செத்துட்டாரு. இங்கன நீங்க செத்துட்டீக. மாசாமாசம் நான் யாருக்குண்ணே சம்பளம் போட்டேன்?”

வெளியே லாரியில் உப்பு மூட்டை ஏற்றுகிறவர்கள் ஏதோ சொல்லிச் சிரிக்கிற சத்தம் கேட்டது.

“பி.எஃப்.புக்கு நாமினி ஒங்க மதினி” என்றார் பைலைப் பார்த்துக்கொண்டே. “செத்த சான்றிதழை வச்சு அவுக கேக்கலாம். ஆனா செத்த தேதிக்குப் பெறகு அவரு பத்து மாசம் ஷிப்டு பாத்துருக்காரு. இதை நான் எந்தக் கட்டத்துல எழுத?”

“நான் பேசாம இருந்துட்டா?”

“இருக்க முடியாதுண்ணே. எறந்துட்டாருன்னு எழுதி லெட்டரு திரும்பிப் போயிருக்குல்ல. அவுக அடுத்து எங்களைத்தான் கேப்பாக. அப்ப நீங்க சொன்னதா இருக்காது. கண்டுபிடிச்சதா இருக்கும்.” ஒரு வெள்ளைத் தாளை எடுத்து என் பக்கம் தள்ளினார். “எழுதுங்க. உள்ளது உள்ளபடி. ஒங்க பேருல.”

அவருடைய நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்து எழுதினேன். பம்பு அறையில் தண்ணீர் மட்டம் ஏறுகிறவரை பழைய பேப்பர் படித்துப் படித்துத்தான் எனக்கு எழுத்து கைக்கு வந்தது. அதனால் எழுதக் கஷ்டமாக இல்லை. என் அண்ணன் இன்ன தேதியில் இறந்துவிட்டார், அவர் பெயரில் வேலை பார்த்தது அவருடைய தம்பியாகிய நான், எங்கள் மதினிக்கு இதில் சம்பந்தம் இல்லை, வேலை பார்த்தது மட்டும் பொய் இல்லை என்று எழுதினேன். கீழே கையெழுத்துப் போட்டேன். போட்டு முடித்துவிட்டுப் பார்த்தால் அண்ணன் கையெழுத்து.

கணக்கர் இன்னொரு தாளைக் கொடுத்தார். முழுவதையும் திரும்ப எழுதினேன். என் பெயரை ஒவ்வொரு எழுத்தாக வைத்தேன். ஐந்தாம் வகுப்புப் பிள்ளையின் எழுத்தாக இருந்தது. அவர் முத்திரை குத்தி, எண் போட்டு, பைலுக்குள் வைத்தார்.

“இனி என் கையில இல்லண்ணே” என்றார். ஆறிப்போன டிபன் பாக்ஸை மூடினார்.

அன்றிரவு மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். லீவு நோட்டையும் சொன்னேன். அவள், “அன்னைக்கு மொட்டைத் தலையோட வந்து நின்னப்பவே எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு” என்றாள்.

மறுநாள் எதுவும் நடக்கவில்லை. அதற்கு மறுநாளும் நடக்கவில்லை. காற்று பலத்தது. பாத்திகளில் உப்பு நுரை எழுந்து வரப்புகளில் ஒதுங்கிக் கிடந்தது. வாயைத் திறந்தால் கரித்தது. தினமும் வாசலில் விரலை வைத்தேன், பச்சை எரிந்தது, அண்ணன் பெயர் வந்தது, ‘தேங்க்யூ’ என்றது. இந்த உலகத்தில் என்னைச் சந்தேகப்படாதது அது ஒன்றுதான் என்று நினைத்துக்கொள்வேன்.

பிறகு சின்னச் சின்னதாக மாறிற்று. பம்பு அறைப் பக்கம் வந்தால் தலையசைத்துவிட்டுப் போகிற மேனேஜர், ஒரு நாள் வரப்பில் பாதி தூரம் வந்துவிட்டு என்னைப் பார்த்ததும் வேறு வரப்பில் திரும்பினார். தூத்துக்குடியிலிருந்து ஒரு கார் வந்து அலுவலக வாசலில் மாலை வரைக்கும் நின்றது. கணக்கர் தன் ஜன்னலைக் காற்றுக்காக அடைத்து வைத்திருந்தார். என் ஷிப்டு ஆள் ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து பீடி பற்றவைத்தார்.

“என்ன பம்பு, ஒன் பைலை எடுத்துக்கிட்டு அங்கிட்டும் இங்கிட்டும் அலையிறாக? பெரிய பதவி எதும் குடுக்கப் போறாகளா? எங்களை மறந்துராதப்பா.”

நான் தண்ணீர் மட்டத்தைப் பார்ப்பது போல எழுந்து போனேன்.

ஜூலை மாதம் முடிந்தது. கணக்கு தாக்கல் செய்கிற கடைசி நாளும் போயிற்று. அந்தத் தாள் இன்னும் என் சட்டைப் பையில்தான் இருந்தது. மடித்த இடத்தில் கிழியத் தொடங்கியிருந்தது. கட்டம் காலியாகவே இருந்தது.

ஆகஸ்டு முதல் வாரத்தில் ஒரு காலை, ஷிப்டுக்குப் போனேன். காவலர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். விரலை வைத்தேன். சிவப்பு.

எடுத்துவிட்டு மறுபடியும் வைத்தேன். சிவப்பு. சின்னத் திரையில் பெயர் எதுவும் வரவில்லை. பின்னால் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். யாரோ கனைத்தார்கள்.

“உப்புக் கைப்பா” என்றார் காவலர். “காத்துல எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கு. நல்லாத் தொடச்சிட்டு வை.”

வேட்டியில் விரலைத் துடைத்தேன். உப்பு இல்லை என்று எனக்குத் தெரியும். அவர் எனக்காக அவ்வளவு பரிவாகச் சொன்னதால் இன்னொரு தடவையும் துடைத்தேன். உள்ளே அலுவலக ஜன்னல் திறந்திருந்தது. கணக்கர் எழுந்து நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கையில் ஒரு தாள் இருந்தது.

நான் மூன்றாவது தடவையாக விரலை வைத்தேன்.